செலினுன்டேயில் கல் அடுக்கிய கதை

1. ஒரு தலை குறைவு

டூர் மேனேஜர் வேலையில் பாதி, தலை எண்ணுவது. மீதிப் பாதி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்வது. இருபது வருடத்துக்கு மேல் இந்த இரண்டையும் செய்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் ஜாஃபர். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்டு வரும்போது, சுவிட்சர்லாந்துப் பனியில் யார் வழுக்கி விழுந்தார்கள் என்ற மாதிரிக் கதைகளை எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் நடக்கும். போனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது செலினுன்டே என்ற இடத்தில் நடந்தது. இத்தாலிக்குக் கீழே சிசிலி என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. கிரேக்கர்கள் கப்பலில் வந்து அதன் கடலோரத்தில் கட்டிய ஊர் செலினுன்டே. அது அழிந்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று அங்கே இருப்பவை கல், கடல், டிக்கெட் கவுண்டர்.

அன்று மதியம் கோச்சில் ஏறி எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. வழக்கமாக ஒரு தலை குறைந்தால், அந்த ஆள் கடையில் நின்று ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த பொம்மைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அன்று அப்படியில்லை. குறைந்த ஆள் காவலர் அறையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அது கோச்சில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஏன் என்றும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

2. "கோயில்னு போடு"

எங்கள் ஆபீஸ் தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. பாரிஸ், ரோம், சுவிஸ் எல்லாவற்றையும் மயிலாப்பூரும் அடையாறும் பார்த்து முடித்துவிட்டதால் முதலாளிக்குப் புதிதாக ஒரு டூர் தேவைப்பட்டது. சிசிலி என்று முடிவானது. விளம்பரத்துக்கு 'பழங்காலக் கிரேக்க நகரங்களின் இடிபாடுகள்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இடிபாடுன்னு போட்டா எவன்யா வருவான்? இடிஞ்சதப் பாக்கணும்னா மேற்கு மாம்பலத்துல சாயங்காலம் ஒரு ரவுண்டு நடந்தா போதாதா? கோயில்னு போடு. கடற்கரைக் கோயில்கள்."

"உள்ள சாமி கிடையாது சார்."

"அத நான் கேட்டனா?"

இரண்டே வாரத்தில் கோச் நிறைந்துவிட்டது.

வந்தவர்களில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். முதலில் கோமளா மாமி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. மாமி ஓரிடத்தில் உட்கார்ந்தால் மொத்தக் குழுவும் உட்காரும், எழுந்தால் எழும். நான் கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போவேன், ஆனால் குழு மாமியின் பின்னால் போகும். இரண்டாவது ரங்கராஜன். அடையாறு. பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் அங்கே இருக்கிற கட்டடத்தில் என்ன தப்பு என்று சொல்வார். மூன்றாவது விசாலாட்சி அம்மா. ராஜா அண்ணாமலைபுரம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வெளிநாட்டில் இருக்கிற மகன் அம்மாவை டூருக்கு அனுப்பி, துணைக்குக் கஸ்தூரியையும் அனுப்பியிருந்தார்.

கஸ்தூரி அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, நாற்காலியைத் தள்ளுபவர். நாற்பது வயது இருக்கும். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். சில வருடங்களுக்கு முன் கரையோர வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து வேலைக்கு வர இரண்டு பஸ். விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னார்.

"எட்டாவது மாடி பாய். லிஃப்ட்டு கீது, ஓடாது. கருக்கல்ல கெளம்புனாதான் அம்மா எழுந்திரிக்க சொல்லோ நான் அங்க நிக்க முடியும். பொண்ணு தூங்கிக்கினு கெடக்கும். ராவுல நான் போறப்பயும் தூங்கிக்கினு கெடக்கும். எம் பொண்ண நான் முழிச்சிக்கினு பாக்கறது ஞாயித்துக்கெழமதான்."

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்து, இதை நல்லா துவைச்சு வச்சிருக்காங்க என்றார்.

3. சாமி பேர் தெரியாது

செலினுன்டேயில் எங்களுக்குக் கிடைத்த கைடு ரோசா என்ற பெண். பொறுமைசாலி. அவள் சொல்லும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன். தூண்களை நிமிர்த்தி வைத்திருக்கிற பெரிய கோயிலுக்கு முதலில் கூட்டிப்போனாள். இந்தக் கோயிலுக்குப் பெயர் E என்றாள். பக்கத்தில் விழுந்து கிடப்பது F. அதற்கப்பால் G. எந்தத் தெய்வத்துக்குக் கட்டினார்கள் என்று உறுதியாகத் தெரியாததால் எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். தியேட்டர் சீட்டு மாதிரி.

கோமளா மாமிக்கு இது தாங்கவில்லை.

"பேரு தெரியாதுன்னா எப்படி? ஸ்வாமியா அம்பாளாவாவது தெரியுமா, கேளுங்கோ ஜாஃபர்."

கேட்டேன். ஹேரா என்ற பெண் தெய்வமாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள் என்றாள் ரோசா.

"அம்பாள்னு முன்னாடியே சொல்லப்படாதோ?" என்று மாமி செருப்பைக் கழற்றினார்.

குழுவே கழற்றியது. வெயில் காலம். கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. மாமி தலைமையில் மூன்று சுற்றுப் பிரதட்சிணம். முதல் சுற்று நடந்தார்கள், இரண்டாவது சுற்று வேகமாக நடந்தார்கள், மூன்றாவது சுற்று ஓடினார்கள். ரோசா இது என்ன விளையாட்டு என்று என்னிடம் கேட்டாள். வழிபாடு என்றேன். குறித்துக்கொண்டாள். நான் செருப்புகளுக்குக் காவல் நின்றேன். அது டூர் மேனேஜர் வேலையில் எழுதப்படாத பிரிவு.

4. வீடு வேண்டுதல்

அங்கிருந்து பேட்டரி வண்டியில் கடலோர மேட்டுக்குப் போனோம். ஊர் மக்கள் குடியிருந்த பகுதி அது. தெரு தெரியும். வீட்டுச் சுவரின் அடிப்பகுதி தெரியும். கடை இருந்த இடம், கிணறு இருந்த இடம் எல்லாம் காட்டுவார்கள். ஒரு பக்கம் கயிறு கட்டி, அதற்குள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டுகிறவர்களுக்கு அன்று விடுமுறை.

கஸ்தூரி நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு ரோசா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. இங்கே வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இங்க இருந்த ஜனம்லாம் எங்க பாய் போச்சு? கேளு."

ஆப்பிரிக்காவிலிருந்து கார்த்தேஜ் படை கப்பலில் வந்து ஊரை அழித்தது, நிறையப் பேர் செத்தார்கள், சிலர் அடுத்த ஊருக்குத் தப்பி ஓடினார்கள் என்றாள் ரோசா. பிறகு சிலர் திரும்பி வந்து குடியிருந்தார்கள். கடைசியில் மிச்சம் இருந்தவர்களை மொத்தமாக வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"மாத்துன எடம் எவ்ளோ தூரம்?"

ரோசாவிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருக்கும் என்றாள்.

"அதான பாத்தேன்," என்றார் கஸ்தூரி.

ரோசா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள். விசாலாட்சி அம்மா கண்ணயர்ந்துவிட்டார். கஸ்தூரி பாதை ஓரத்தில் உட்கார்ந்து, பாதையில் கிடந்த மூன்று கற்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மலைக்கோயில் படிகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சொந்த வீடு அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கல் அடுக்குவார்கள். ஏறுகிற வழியெல்லாம் சின்னச் சின்ன வீடுகளாக நிற்கும். யாரும் கலைக்கமாட்டார்கள். நம் ஊரில் அது யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை.

மாமி திரும்பி வந்தபோது அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா கஸ்தூரி, வீட்டுக்கு வேண்டிண்டியா?"

"ஆமாம்மா. சொந்த வூடெல்லாம் இல்ல. ஒரே பஸ்ல வர்ற தூரத்துல வாடகைக்கு ஒண்ணு. அது போதும்னு வேண்டிக்கினேன்."

"நன்னா பண்ணினே," என்று சொல்லிவிட்டு மாமியும் குனிந்தார். மாமியின் பிள்ளை வேளச்சேரியில் ஃபிளாட் புக் பண்ணி, பில்டர் பாதியில் நிறுத்திவிட்டான். அதற்கு ஒரு அடுக்கு. மாமி அடுக்கினால் போதுமே. ஒருவர் பேரனுக்கு அமெரிக்காவில் வீடு. ஒருவர் கொடைக்கானலில் ஒரு காட்டேஜ். ஒருவர் ஏற்கெனவே இருக்கிற மூன்றாவது வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர். நான் கிணற்றடியில் நின்று பின்தங்கிய சிலரை மேய்த்துக்கொண்டிருந்ததால் இதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். ஏதோ தேடுகிறார்கள், மூக்குத்தி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். யார் என்ன வேண்டினார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதான்.

ரங்கராஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"படிச்சவங்க செய்யற காரியமா இது? வெறும் மூடநம்பிக்கை," என்றார். பிறகு, "அதுவும் வெக்கற முறையே தப்பு. இந்த உருண்டைக் கல்லு எப்படி நிக்கும்? பேஸ் தட்டையா இருக்கணும்," என்றார். பிறகு அவரே தட்டைக் கல் தேடிப் போனார். அவருடைய அடையாறு அபார்ட்மென்டை இடித்துக் கட்டுவதாகச் சொல்லி, குடியிருப்போர் சங்கத்தில் சண்டை வந்து, கையெழுத்துப் போடாத ஒருவரால் எல்லாம் நின்றிருந்தது.

நல்ல தட்டைக் கற்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சின்னதாக நம்பர் எழுதியிருந்தது. ரங்கராஜன் கயிற்றைத் தாண்டினார். அஞ்சு அடுக்கு வைத்தார். அது நிஜமாகவே எல்லாவற்றையும்விட நேராக நின்றது. அதைப் பார்த்த மாமி தன்னுடையதைக் கலைத்துவிட்டு, அவரிடம் நாலு நல்ல கல் கேட்டு வாங்கி மறுபடி வைத்தார்.

அப்போதுதான் விசில்.

5. யார் வைத்தது

காவலர் ஓடி வருவதற்குள் என் குழு ஒரு அதிசயம் செய்தது. அத்தனை பேரும் ஒரே நொடியில் சுற்றுலாப் பயணிகளாக மாறினார்கள். மாமி கடலைப் பார்த்தார். ரங்கராஜன் ஒரு தூணைப் போட்டோ எடுத்தார். கற்களுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்தது, நாற்காலியை விட்டு நகர முடியாத கஸ்தூரி மட்டும்.

இதை யார் செய்தது என்று காவலர் கேட்டார். ரோசா கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். கடல் சத்தம் நன்றாகக் கேட்டது.

"நான்தான் பாய் மொதல்ல வெச்சேன்," என்றார் கஸ்தூரி.

காவலர் அறைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். பெண்மணி, குரலை உயர்த்தவே இல்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நம்பர் போட்ட கற்கள் தோண்டும்போது கிடைத்தவை, கிடந்த இடத்திலேயே நம்பர் மட்டும் போட்டிருக்கிறார்கள், படம் இனிமேல்தான் வரைய வேண்டும். எந்தக் கல் எங்கே கிடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம், இடம் போய்விட்டால் அப்புறம் அது வெறும் கல் என்றார். இதைத் தமிழில் சொன்னேன்.

"கல்லுக்காவது கேக்குறாங்களே," என்றார் கஸ்தூரி.

எங்கிருந்து எடுத்தாய் என்று அதிகாரி கேட்டார். கஸ்தூரி பாதையைக் காட்டினார். நம்பர் போட்ட கல் பாதையில் கிடக்காது என்று அதிகாரிக்குத் தெரியும். வேறு யார் எடுத்தது என்றார். தெரியாது என்றார் கஸ்தூரி. அப்படியானால் போலீஸைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், விஷயம் முடிகிறவரை இந்த அம்மா இங்கேயே இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. கற்களை அதனதன் இடத்தில் திருப்பி வைத்தால் விட்டுவிடுவேன், ஆனால் இடம் தெரிந்த ஆள் வேண்டுமே என்றும் சொன்னார்.

மறுநாள் பலேர்மோவிலிருந்து எங்களுக்கு விமானம். கஸ்தூரிக்கு இத்தாலியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவரைத் தனியாக ஒரு போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டு நான் மயிலாப்பூருக்கு விமானம் ஏறவேண்டியிருக்கும். கஸ்தூரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க பாத்தீங்கதானம்மா, யார் எடுத்தாங்கன்னு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாக்காம இன்னா? கண்ணு கீதே."

"சொல்லிடுங்களேன்."

"நீ வேற பாய். இவங்கல்லாம் அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க. சொன்னா நாளைக்கி வேல இருக்குமா? போலீஸ்ல நாலு நாள் வெப்பானா? வெக்கட்டும். பொண்ணு பக்கத்து வூட்ல கீது. அவங்களுக்கு மட்டும் போன் போட்டு சொல்லிடு."

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் மாத்திரை டப்பாவை என்னிடம் கொடுத்து, மத்தியானத்துக்கு வெள்ளை, ராத்திரிக்கு மஞ்சள் என்று சொன்னார்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பொண்ண விட்டுட்டு மத்தவங்கள ஓட்டிக்கினு வா. குரூப்புதான்யா முக்கியம்."

"சிக்னல் சரியில்ல சார்," என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

6. கோச் நகராது

கோச்சில் ஏறி எண்ணியது அப்போதுதான். நானும் டிரைவரும் விசாலாட்சி அம்மாவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தோம். அம்மா என் கையில் மாத்திரை டப்பாவைப் பார்த்தார்.

"அவ எங்க?"

சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொன்னேன். பாதையில் கிடந்த கல்லை வைத்ததற்காகக் கஸ்தூரியைப் பிடிக்கவில்லை, நம்பர் போட்ட கல்லுக்காகப் பிடித்திருக்கிறார்கள், அது எங்கே கிடந்தது என்று தெரிந்தவர்கள் வந்து திருப்பி வைத்தால் விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். மேலும் ஒன்று சொன்னேன். தலைக் கணக்கு சரியாகாமல் கோச் நகராது. மத்தியானச் சாப்பாட்டுப் புளியோதரை ஹோட்டலில் இருக்கிறது.

மறுபடியும் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அவ வராம நான் வரல," என்றார் விசாலாட்சி அம்மா. "என்னக் கீழ எறக்கி விடுங்க. அவ பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆறு வருஷமா என் கால அவதான் பிடிச்சி விடறா."

நான் மைக்கை வைத்துவிட்டு, டிரைவரிடம் சாவியை எடுக்கச் சொன்னேன். ஏசி நின்றது. வெயில் உள்ளே வந்தது. எதற்காக என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து கோமளா மாமி திரும்பி, பின் சீட்டைப் பார்த்தார்.

"ரங்கராஜன், அது நம்ம ரெண்டு பேரோட கல்லு."

"நீங்கதானே மாமி கேட்டு வாங்கினேள்."

"வாங்கினேன். இல்லேங்கலை. நான் இறங்கப்போறேன். நீங்களும் வாங்கோ. எங்கேர்ந்து எடுத்தேள்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்."

ரங்கராஜன் எழுந்திருக்கவில்லை. மாமி புடவையைச் சொருகிக்கொண்டு படியிறங்கினார். நான் முன்னமே சொன்னேன், மாமி எழுந்தால் குழு எழும். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கொடைக்கானல்காரர் இறங்கினார். அமெரிக்கப் பேரனுக்கு வேண்டியவர் இறங்கினார். கோச்சில் கடைசியாக ரங்கராஜன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

அதிகாரியின் முன்னால் போய் நின்று, "ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள்," என்றார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் பாலம் கட்டினவர் பாலம் கட்டினவர்தான். எந்தக் கல் எந்த வரிசை, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு, அந்த அம்மா பார்த்து நிற்க, ரங்கராஜனே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மற்றவர்கள் தங்கள் அடுக்குகளைக் கலைத்து, கற்களைப் பாதையிலேயே போட்டார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று அதிகாரி கடைசியில் கேட்டார். வீடு வேண்டி என்று ரோசா சொன்னாள். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கஸ்தூரி வைத்த மூன்று கல்லையும் எடுத்துவிடச் சொன்னார். ஒன்றை விட்டால் நாளைக்கு நூறு ஆகிவிடுமாம். நியாயம்தான்.

"எடுத்துடறேம்மா," என்றார் கஸ்தூரி. "எங்க வூட்ட இடிக்கறப்பயும் சாமான நாங்களேதான் எடுத்தோம்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி நன்றி சொன்னார்.

7. இன்னொரு மௌனம்

கோச்சில் எண்ணினேன். தலை சரியாக இருந்தது. டிரைவர் சாவியைப் போட்டார்.

விசாலாட்சி அம்மா கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன்னு என்கிட்ட நீ சொன்னதே இல்லியே?"

"நீங்க கேக்கலியேம்மா."

"நம்ம வீட்டு மாடில ரூம் பூட்டியே கெடக்கு. பொண்ணக் கூட்டிட்டு வந்துடு."

"வேணாம்மா."

"ஏன்?"

"மாடில இருந்தேன்னா ராத்திரி ரெண்டு மணிக்கி நீங்க கூப்புடுவீங்க. நான் வருவேன். அப்புறம் எனக்கு வூடு ஏது? அதும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரிதான்."

விசாலாட்சி அம்மாவுக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தார். கூப்பிடுவேன்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கஸ்தூரி எழுந்து, பின் சீட்டுகளின் பக்கம் திரும்பி நின்றார். அரை நாள் சிறை பார்த்துவிட்டு வந்ததில் ஒரு தைரியம் வந்திருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. இங்க அல்லாருக்கும் வூடு கீது. இன்னோரு வூட்டுக்கு வேண்டிக்கினீங்க. தப்பில்ல. யார் வூட்லயாவது வாடகைக்கு ஒரு போர்ஷன் கீதா? நானும் பொண்ணும்தான். வாடக கரெக்டா குடுத்துருவேன்."

கோச்சில் சத்தம் அடங்கியது. எல்லாருக்கும் அவரவர் ஜன்னலில் ஏதோ தெரிந்தது.

அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் மந்தைவெளியிலும் ஆழ்வார்பேட்டையிலும் நான் வீடு தேடினேன். போனில் எல்லாம் பேசி முடிப்பார்கள். கடைசியில் பெயர் கேட்பார்கள். ஜாஃபர் என்பேன். அந்த வீடு அப்போதுதான், அந்த நிமிடம்தான், வேறொருவருக்குப் போயிருக்கும். சென்னையில் வீடுகள் அவ்வளவு வேகமாகப் போகும். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம், கோச்சில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது திரும்ப வந்தது. ஆனால் டூர் மேனேஜர் ஆத்திரப்படக் கூடாது.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, போகலாமா என்று கை காட்டினார். வண்டி நகர்ந்தால் பாட்டுப் போடச் சொல்வார்கள். அந்தாக்ஷரி ஆரம்பிக்கும். கேள்வி அப்படியே காற்றோடு போய்விடும். நான் கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன்.

வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

"எங்காத்துப் பின்கட்டுல ஒரு போர்ஷன் காலியாத்தான் இருக்கு," என்றார் கோமளா மாமி, கடலைப் பார்த்துக்கொண்டே. "ஆனா மாமிசம் சமைக்கப்படாது."

"கறி வேணாம்மா," என்றார் கஸ்தூரி. "மீனு?"

"மீன் பின்ன கத்திரிக்காயா?"

"ஞாயித்துக்கெழம மட்டும். அன்னிக்கிதான பொண்ணும் நானும் ஒண்ணா உக்காந்து துண்ணுவோம்."

"வெளில வாங்கிண்டு வந்து சாப்பிடப்படாதோ?"

"கடைல வாங்குனா அது மீனாம்மா?"

நான் டிரைவருக்குக் கை காட்டினேன். ஹோட்டல் போகிறவரை பேச்சுவார்த்தை நடந்தது. ரங்கராஜன் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து, மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் வாசனை முன்கட்டுக்கு வராது, தானே வந்து இடம் பார்த்துக் கொடுக்கிறேன் என்றார். மயிலாப்பூரில் காற்று கிழக்கேயிருந்துதான் வரும் என்றார் விசாலாட்சி அம்மா. இதில் இரண்டு கட்சி ஆயிற்று. கடைசியில் ஞாயிறு மட்டும், மீன் மட்டும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்று முடிவாயிற்று. புளியோதரை ஆறிப் போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாஸ்போர்ட் நகல், அவசரப் போன் நம்பர், மாத்திரை எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். குழு மொத்தமாக வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால், டிரைவருக்குக் கை காட்டாதீர்கள். யாராவது ஒருவர் பேசுகிறவரை நில்லுங்கள். சில சமயம் யாரும் பேசமாட்டார்கள். அப்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கஸ்தூரி அந்தப் பின்கட்டில்தான் இருக்கிறார். விசாலாட்சி அம்மா வீட்டுக்கு ஒரே பஸ். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவழியாக வந்தபோது மாமியைப் பார்க்க நுழைந்தேன். மீன் குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. மாமி முன்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி, ஜன்னல் திறந்திருக்கு?"

"சாத்தினா உள்ளே ஒரே புழுக்கம்," என்றார் மாமி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுப்பாண்ட அவதானே நிக்கணும்."